இருநூறு கிராம் சந்தேகம்

எங்கள் மன்றத்தைத் தெரியாதவர்கள் அம்மான் நகரத்திலேயே இருக்க முடியாது என்று இயக்குநர் டாக்டர் ஹிக்மத் மேடைக்கு மேடை சொல்வார். நான் டாக்ஸியில் ஏறி, "பொதுவெளி வடிவமைப்பு மன்றம்" என்றால் ஓட்டுநர், "பல் ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்லயா?" என்பார். பல் ஆஸ்பத்திரியை எல்லோருக்கும் தெரிகிறது. அங்கே போனால் பல்லைப் பிடுங்கி அனுப்பிவிடுகிறார்கள்.

என் பெயர் ஃபவ்வாஸ். அந்த மன்றத்தில் கோப்புகளை நிறுப்பது என் வேலை. சிரிக்க வேண்டாம், அரசாங்க உத்தியோகம், ஓய்வூதியம் உண்டு. அலுவலகத்தில் என்னைத் 'தராசு' என்று கூப்பிடுவார்கள். எங்கள் தெருவிலும் அந்தப் பெயர் வந்துவிட்டது.

எதற்காக நிறுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். டாக்டர் ஹிக்மத் வெளிநாட்டில் படித்துவிட்டு வரும்போது ஒரு நல்ல விஷயத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். வடிவமைப்பவர் எடுத்த எடுப்பில் விடைக்குத் தாவக் கூடாது. முதலில் தாளில் கிறுக்கிப் பார்க்க வேண்டும். கிறுக்கினால்தான் தான் என்ன யோசிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவரும். பத்துக் கிறுக்கல் தப்பானால் பதினொன்றாவது வழி காட்டும். உண்மைதான். இதில் ஒரு எழுத்தைக்கூட யாராலும் மறுக்க முடியாது. இப்படிப்பட்ட உண்மையை ஒரு அலுவலகத்தின் கையில் கொடுத்தால் அது என்ன பாடுபடும் என்பதுதான் விஷயம்.

முதலில் கிறுக்கல்களை எண்ணினார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது கால்பந்தைப் பற்றிப் பேச்சை எடுப்பார்கள், எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதனால் காய்கறிச் சந்தையிலிருந்து ஒரு தராசு வாங்கி என்னை நியமித்தார்கள். பாலம், படிக்கட்டு என்றால் இரண்டு கிலோ கிறுக்கல் வேண்டும். பெஞ்சுக்கு ஒரு கிலோ. குப்பைத் தொட்டிக்கு அரைக் கிலோ போதும், அதற்குமேல் குப்பையைப் பற்றி யோசிப்பது உடம்புக்கு ஆகாது என்று குழு கருதியது.

பிறகு விதிகள் வளர்ந்தன. அடிக்கோல் தடைசெய்யப்பட்டது, ஏனென்றால் நேர்க்கோடு போடுகிறவன் முன்பே முடிவு செய்துவிட்டான் என்று பொருள். அடித்துத் திருத்திய இடங்களுக்குத் தனி மதிப்பெண். காபிக் கறை இல்லாத தாளை, "உழைப்பின் தடயம் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். சரியென்று எல்லோரும் கறை போட ஆரம்பித்ததும், கறை வட்டமாக இருந்தால் அது கோப்பையை வேண்டுமென்றே வைத்தது, சிந்தினால்தான் யோசனை என்று சுற்றறிக்கை வந்தது. நாங்கள் சிந்தினோம்.

ஒரு ஆண்டுவிழாவில் டாக்டர் ஹிக்மத் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"நம்ம மன்றம் ஆரம்பிச்சு இத்தனை வருஷத்துல ஒரு பெஞ்சுகூட போடலன்னு சில பேர் குறை சொல்றாங்க. நான் அதைப் பெருமையா ஒத்துக்கறேன். மத்த ஊர்ல பெஞ்சு போடுறாங்க. ஜனங்க வந்து உக்காந்துடறாங்க. உக்காந்தாச்சுன்னா தேடல் முடிஞ்சு போச்சு. நம்ம ஊர்ல யாருமே இன்னும் உக்காரல. அதனாலதான் இங்க தேடல் உயிரோட இருக்கு."

கைதட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை. எல்லோரும் நின்றுகொண்டேதான் தட்டினோம், மண்டபத்தில் நாற்காலி வடிவமைப்பு இன்னும் ஆய்வில் இருந்தது.

இனி படிக்கட்டுக்கு வருகிறேன். நான் குடியிருப்பது மலைச்சரிவில், சந்தைக்கு இறங்கும் ஒடுக்கமான கல் படிக்கட்டின் மேல்முனையில். எனக்குச் சற்றுக் கீழே அபூ யஸன் வீடு. அகபா வழித்தடத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். மகன் யஸன் குவைத்தில் இருக்கிறான். அபூ யஸனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று காலை டயாலிசிஸுக்குக் கீழே இறங்கியாக வேண்டும், மருத்துவமனை வேன் அடிவாரத்தில் நிற்கும். அவரைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து நானும் ரொட்டிக்கடை ஸுஹ்தியும் தூக்கிக்கொண்டு இறங்குவோம். இறங்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். பயத்தால் அல்ல. யார் யார் சன்னலில் நின்று பார்க்கிறார்கள் என்று பார்க்கப் பிடிக்காமல்.

"டேய் தராசு, அம்பது பேரு உசுரு என் கையில இருந்துச்சுடா. ஒருத்தன் கத்தினதில்ல. இன்னைக்கு என் உசுரு உன் கையில. கொஞ்சம் நேரா புடி."

"நேராத்தான் புடிச்சிருக்கேன் அபூ யஸன். ஸுஹ்திதான் சாயுறான்."

"அவன் ரொட்டியையே சாச்சுத்தான் சுடுவான். கிளம்பு."

கைப்பிடிக் கம்பி இருந்தால் மெதுவாக என் காலால் இறங்கிவிடுவேன் என்று அவர் மாநகராட்சியில் கேட்டார். மாநகராட்சி எங்கள் மன்றத்துக்கு அனுப்பியது. மன்றம் லமீஸிடம் கொடுத்தது. ஸல்த் ஊரிலிருந்து வேனில் வந்துபோகும் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள், இன்னும் தற்காலிகம்தான். வேலைக்குப் புதிது என்பதால் நேராகப் படிக்கட்டுக்கே வந்துவிட்டாள். எங்கள் மன்றத்தில் அப்படி யாரும் செய்வதில்லை.

வந்தவள் ஒரு சாக்குக்கட்டியை எடுத்து எங்கள் சுவரில் கோடு போட்டாள். இறங்குகிறவருக்கு வலப்பக்கம், இடுப்பு உயரம். "சித்தப்பா, புடிச்சுப் பாருங்க," என்றாள். கம்பி இல்லாத கோட்டை அவர் எப்படிப் பிடிப்பார்? கையை வைத்தபடி ரெண்டு படி இறங்கினார்.

"எறங்கறது சரி மகளே. ஏறும்போது இந்தக் கோடு எனக்கு இடதுகைப் பக்கம் வரும். இடதுகையில ஊசி போடற நரம்பு இருக்கு. அதுல ஒரு பாரமும் குடுக்கக் கூடாதுன்னு நர்ஸு அடிச்சுச் சொல்லியிருக்கா."

லமீஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். "எனக்குத் தோணவே இல்லையே சித்தப்பா."

"உனக்கு எப்படித் தோணும், உனக்குக் கிட்னி நல்லாருக்கு."

எதிர்ச் சுவரிலும் கோடு போட்டாள். உயரம் போதவில்லை, கையால் அழித்து ஏற்றினாள். ஏற்றியது அதிகம், இறக்கினாள். பிறகு எங்கள் வீட்டுத் துணிக்கயிற்றை வாங்கி இரண்டு கோட்டின்மேலும் சன்னல் கம்பிகளில் இழுத்துக் கட்டினாள். அபூ யஸன் மனைவி உம் யஸன் சன்னலிலிருந்து, "திருப்பத்துல ஒரு எடம் வேணும், மூச்சு வாங்க உக்காரணும்," என்றாள். ஸுஹ்தி ரொட்டித் தட்டோடு வந்து, உட்காரும் பலகை தன் வழியை மறிக்கும் என்று சண்டைபிடித்தான். பலகை மடங்குவதாக மாறியது. மாலைக்குள் எங்கள் சுவர் முழுக்க அழித்த கோடும் அழிக்காத கோடுமாக இருந்தது. கடைசியில் அபூ யஸன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதல் திருப்பம்வரை தனியாக இறங்கி, தனியாக ஏறி வந்தார். கண்ணைத் திறந்துகொண்டு. ஸுஹ்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினான்.

மறுநாள் மழை பெய்து சுவரைக் கழுவிவிட்டது. அதற்கென்ன, விடைதான் கிடைத்துவிட்டதே என்று லமீஸ் நினைத்தாள். சுத்தமாக ஒரு வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்: இரண்டு சுவரிலும் நேரான கம்பி, திருப்பத்தில் மடங்கும் பலகை. தராசில் வைத்தேன். முள் அசையவில்லை.

பரிசீலனைப் பிரிவில் இருப்பவர் முன்திர். நல்ல மனுஷன், பதவி 'கிறுக்கல் ஆலோசகர்'. வரைபடத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"என்னம்மா இது, நேர்க்கோடு?"

"கைப்பிடி சார். நேராத்தானே இருக்கணும்?"

"இருக்கணும்தான். ஆனா நேரா இருக்கணும்னு நீ எப்பக் கண்டுபுடிச்ச? தேடல் எங்க?"

"சுவத்துல தேடினோம் சார். சாக்குக்கட்டியால. நாலஞ்சு தடவ தப்பாகி, அழிச்சு, கயிறு கட்டிப் பாத்து..."

"அருமை. அந்தச் சுவத்தைக் கொண்டுவா."

"மழையில போயிருச்சு சார்."

முன்திர் வருத்தத்தோடு உச்சுக் கொட்டினார். "பாரு லமீஸ், நீ தேடலன்னு நான் சொல்லல. நம்புறேன். ஆனா என் நம்பிக்கையக் கோப்புல குத்த முடியாது. ரெண்டு கிலோ வேணும்."

"அப்ப மறுபடியும் படிக்கட்டுக்குப் போயித் தாள்ல வரையட்டுமா?"

"அங்க எதுக்கு போற? அங்க போனா மறுபடி நேர்க்கோடுதான் வரும். விடை உன் கையில இருக்கில்ல, அதுலேருந்து பின்னாடி நடந்து வா. முதல்ல கொஞ்சம் முட்டாள்தனமா வரை. அப்புறம் கொஞ்சம் கொறைச்சலான முட்டாள்தனம். நான் சொல்லித் தரேன்."

"பொய் இல்லையா சார் அது?"

"பொய் இல்லம்மா. முன்தேதி போட்ட உண்மை."

முன்திர் தன் கலையை மறைக்காமல் கற்றுக்கொடுத்தார். கசக்குவதில் இரண்டு வகை உண்டு: கோபத்தில் கசக்கியது, அலுப்பில் கசக்கியது. கோபத்துக்கு நடுவிரல், அலுப்புக்கு உள்ளங்கை. தேர்வுக் குழுவில் இருக்கும் பெரியவர்கள் மடிப்பைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம். லமீஸ் உட்கார்ந்து கசக்கினாள். நடக்காத சந்தேகங்களை வரைந்தாள், பிறக்காத யோசனைகளை அடித்தாள். காபியைச் சிந்தினாள். ஒவ்வொரு தாளை முடிக்கும்போதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வியர்க்கிற பருவம் இல்லை.

கோப்பைக் கொண்டுவந்து என் தராசில் வைத்தபோது மாலையாகிவிட்டது.

"இருநூறு கிராம் கொறையுது," என்றேன்.

"ஃபவ்வாஸ் அண்ணே, உங்க தெரு படிக்கட்டுதான். உங்க அபூ யஸன்தான்."

"எனக்குத் தெரியாதாம்மா? முள்ளு சொல்லுது, நான் என்ன செய்ய?"

நான் சொன்னதில் தவறு என்ன இருக்கிறது? முள் உண்மையிலேயே இருநூறு கிராம் குறைவாகத்தான் காட்டியது. வேண்டுமானால் இப்போதும் நிறுத்துக் காட்டுகிறேன்.

ஸல்த்துக்குக் கடைசி வேன் புறப்படும் நேரம். அவள் அலமாரியிலிருந்து ஒரு தடித்த அட்டையை உருவினாள். கரித்துண்டால், எரிச்சலோடு, ஒரே இழுப்பில் ஏறி இறங்கி வளைந்து வளைந்து போகும் ஒரு கோட்டை இழுத்தாள். ஒரே சுவரில் மட்டும். கீழே 'மலைகளின் மூச்சு' என்று எழுதி, தராசில் எறிந்தாள். முள் இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டி நின்றது. ரசீது கொடுத்தேன்.

வடிவமைப்புத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியும்: கட்டப்படக் கூடாது என்று நினைக்கும் ஒன்றைக் குழுவின் மேசையில் வைக்கவே கூடாது. வைத்தால் குழுவின் கை நேராக அதற்குத்தான் போகும். லமீஸுக்கும் தெரியும். வேன் போய்விடும் என்ற அவசரத்தில் அவளுக்கு மறந்துவிட்டது என்று சொல்லலாம். அவள் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

தேர்வுக் குழு கூடியது. டாக்டர் ஹிக்மத் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தார். நேர்க்கம்பி வரைபடத்தை ஈ ஓட்டுவதுபோல் தள்ளினார். அட்டை வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அறையில் யாரும் இருமுவதுகூட இல்லை.

"இது யாரு வரைஞ்சது?"

"நான்தான் சார்," என்றாள் லமீஸ். "ஆனா அது..."

"ஆனான்னு சொல்லாத. இந்தக் கோட்டப் பாருங்க எல்லாரும். எங்கயும் முடிவெடுக்கல. மேல போலாமா, கீழ போலாமான்னு கடைசிவரைக்கும் தவிக்குது. இத்தனை வருஷமா நான் தேடிக்கிட்டிருந்த கோடு இது. இதைத்தான் கட்டப் போறோம். மன்றத்தோட முதல் கட்டுமானம்."

முன்திர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு விசிறி வடிவமைப்பும் ஆய்வில் இருந்தது.

"சார், நோயாளிக்கு ரெண்டு பக்கமும் கம்பி வேணும்," என்று லமீஸ் தொடங்கினாள்.

"ஒரு பக்கம் வெறும் சுவர், ஒரு பக்கம் மூச்சு. அந்த வெறுமையிலதான் அர்த்தமே இருக்கு. இன்னொண்ணு. தேடல் பிரிவுன்னு ஒண்ணு புதுசா ஆரம்பிக்கிறோம். லமீஸ்தான் தலைமை. நிரந்தரப் பணி. இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

லமீஸின் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மூடிக்கொண்டது. 'நன்றி சார்' என்று சொல்வதற்கு அது மறுபடி திறந்ததை எல்லோரும் பார்த்தோம்.

நடைபாதையில் என்னை மறித்தாள். "நான் அங்கயே சொல்லியிருக்கணும் அண்ணே. வேலை நிரந்தரம்னதும் வாயடைச்சுப் போச்சு. என்ன பொறப்பு நான்?"

"விடும்மா, யாரா இருந்தாலும் அப்படித்தான்."

"நீங்க சொல்லியிருக்கலாமே. உங்களுக்கு எல்லாம் தெரியுமே."

"நான் நிறுக்கிற ஆளும்மா."

அன்று முதல் அவள் மேசையில் சாப்பாடு அப்படியே இருக்கும். ரொட்டியைப் பிய்ப்பாள், மூடிவைப்பாள். என் தெருப் பக்கமே வரவில்லை. "அந்தப் பொண்ணு எங்கடா, சாயா குடிக்க வரச் சொல்லு," என்று அபூ யஸன் கேட்டுக்கொண்டே இருந்தார். வேலை அதிகம் என்றேன்.

லமீஸ் சும்மாவும் இருக்கவில்லை. 'அந்த அட்டையை எடைக்காகத்தான் சேர்த்தேன், தயவுசெய்து கட்டாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்தாள். எங்கள் நடைமுறைப்படி கிறுக்கல் முடிந்ததும் சந்தேகக் கட்டம் வரும். அவள் எழுதியதை அந்தக் கட்டத்தில் சேர்த்துப் பாராட்டுக் குறிப்பு அனுப்பினார்கள். இன்னும் கடுமையாக எழுதினாள். அது ஆழ்ந்த சந்தேகம் என்று வகைப்படுத்தப்பட்டது. மூன்றாவது தடவை மருத்துவரின் சான்று, நோயாளியின் இடதுகைப் படம் எல்லாம் இணைத்தாள். கோப்பு மூன்று கிலோவைத் தொட்டது. மன்றத்தின் வரலாற்றிலேயே கனமான கோப்பு என்று டாக்டர் ஹிக்மத் அதனுடன் நின்று படம் எடுத்துக்கொண்டார். நிறுத்தவன் என்ற முறையில் நானும் ஓரத்தில் நின்றேன்.

அலைக்கம்பி வந்துவிட்டது. பளபளவென்று எஃகு. ஒரு இடத்தில் தோள் உயரத்துக்கு எழும்பும், நாலு படி தள்ளி முழங்காலுக்கு இறங்கும். ஸுஹ்தி அதைப் பார்த்துவிட்டு, "குடிச்சவன் நடந்த தடம் மாதிரி இருக்கு," என்றான். திறப்புவிழாவுக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். படிக்கட்டு முழுக்க நாற்காலி போட முடியாது என்பதால் விருந்தினர்கள் படிகளிலேயே உட்கார்ந்தார்கள். டாக்டர் ஹிக்மத் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"முன்னாடி இந்தப் படிக்கட்டுல ஜனங்க கீழ போகணும்னா கீழ போனாங்க. எவ்வளவு வறட்சியான வாழ்க்கை. இனிமே ஒவ்வொரு படியிலயும் அவங்க யோசிப்பாங்க. இதப் புடிக்கலாமா, வேணாமா, எங்க புடிக்கலாம். நோயாளிகளுக்குச் சிந்தனையக் குடுத்த முதல் நாடு நாமதான்."

பிறகு நோயாளியைக் கூப்பிட்டார்கள். அபூ யஸன் சலவைச் சட்டை போட்டு, மீசையைச் சீவி வந்திருந்தார். அலைக்கம்பியை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். ஓட்டுநர் பார்வை, பாதை எப்படி என்று அதற்கு உடனே தெரிந்துவிடும். பிறகு அதில் கைவைத்தார். கம்பி எழும்பிய இடத்தில் கை தோளுக்கு மேலே போனது. இறங்கிய இடத்தில் குனிந்து, ஏறக்குறைய உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். முதல் திருப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. உட்கார அங்கே ஒன்றும் இல்லை. ஏறி வரும்போது கம்பி இடப்பக்கம். இடதுகையைக் கொடுக்க முடியாது. அதனால் திரும்பி நின்றுகொண்டு, முதுகை மேலே காட்டியபடி, வலதுகையால் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஏறினார். கீழ்ப் படிகளில் இருந்த விருந்தினர்கள் அவர் முகத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

"பாருங்க, விருந்தாளிகளுக்கு முதுகு காட்டாம ஏறுறாரு," என்றார் டாக்டர் ஹிக்மத். "இந்தப் பண்பாடு கம்பியிலேயே இருக்கு."

தொலைக்காட்சிப் பெண் ஒலிவாங்கியை நீட்டினாள். "எப்படி இருக்குங்க?"

அபூ யஸன் மூச்சு வாங்கிக்கொண்டார். கூட்டத்தில் லமீஸைத் தேடினார். அவள் எங்கள் வீட்டுக் கதவை ஒட்டி நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்கு. அந்தப் பொண்ணு எனக்காக வந்து பாத்துப் பாத்து வரைஞ்சது. அவளுக்கு ஒரு கொறையும் வரக் கூடாது."

"கேட்டீங்களா, பயனாளியே சொல்லிட்டாரு," என்றார் டாக்டர் ஹிக்மத். "இதே கம்பிய நகரத்துல இன்னும் ஏழு படிக்கட்டுல போடுறதா இப்பவே அறிவிக்கிறேன்."

அபூ யஸன் சட்டென்று திரும்பினார். வாய் அசைந்தது, அதற்குள் ஒலிவாங்கி நகர்ந்துவிட்டது. லமீஸ்தான் அதைப் போய்ப் பறித்தாள்.

"இது தேடல் இல்ல. இது நிரப்பு. என் கோப்பு இருநூறு கிராம் கொறைஞ்சது, வேன் போயிடும்னு ஒரு நிமிஷத்துல கிறுக்கிப் போட்டேன். இவருக்கு வேணுங்கற கம்பி நேரானது, ரெண்டு பக்கமும். அது எனக்கு முன்னாடியே தெரியும். வேலை நிரந்தரம்னு சொன்னதும் வாய மூடிக்கிட்டேன். இவரு எனக்காகப் பொய் சொல்றாரு. தயவுசெஞ்சு வேற எங்கயும் போடாதீங்க."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருநூறு கிராம் என்றதும் யாராவது என் பக்கம் திரும்புவார்களோ என்று இருந்தது. யாரும் திரும்பவில்லை.

டாக்டர் ஹிக்மத் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்களில் உண்மையாகவே நீர்.

"இதுதான்," என்றார். "கட்டி முடிச்ச பிறகும் தேடல் நிக்கல. தன் படைப்பைத் தானே மறுக்கிற துணிச்சல் எத்தன பேருக்கு வரும்? மக்களே, நீங்க இப்பப் பாத்தது மன்றத்தோட கடைசிக் கட்டம். குற்றவுணர்வுக் கட்டம். நேத்துவரைக்கும் நம்மகிட்ட அது இல்ல. நாளையிலேருந்து எல்லாக் கோப்புலயும் கட்டாயம்."

படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். மறுவாரமே எனக்கு அளவு வந்துவிட்டது. படிக்கட்டு ஒன்றுக்குக் குற்றவுணர்வு முந்நூறு கிராம்.

அடுத்த டயாலிசிஸ் காலையில் நானும் ஸுஹ்தியும் நாற்காலியோடு போனோம். அபூ யஸன் உட்கார மறுத்துவிட்டார். அரசாங்கம் தனக்கென்று கம்பி போட்டதை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தபிறகு, நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனால் அந்தப் பெண்ணுக்குத்தான் அவமானமாம். அலைக்கம்பியைப் பிடித்து இரண்டு படி இறங்கியவர் மூன்றாவது படியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். கைகொடுக்கக் குனிந்தேன், தட்டிவிட்டார்.

கீழேயிருந்து லமீஸ் ஏறி வந்தாள். ஸல்த்திலிருந்து முதல் வேனைப் பிடித்திருக்க வேண்டும், மூச்சிரைத்தது. அவருக்கு வலப்பக்கமாக, ஒரு படி கீழே நின்று தோளைக் காட்டினாள். அவர் அந்தத் தோளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை வைத்து எழுந்தார். நான் அவர் பையை எடுத்துக்கொண்டேன். ஸுஹ்தி நாற்காலியோடு மேலேயே நின்றுவிட்டான்.

"சித்தப்பா, ஏன் நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். என்னால ஒரு பொண்ணு பொழப்பு போகணுமான்னு நெனச்சேன். ஏழு படிக்கட்டுக்குப் போடுவானுங்கன்னு கண்டேனா?"

"நான்தான் மொதல்லயே சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்." அவர் அதை ஆறுதலாகச் சொல்லவில்லை. அடுத்த படியில் காலை வைத்தார். "உன் தோளு நல்லாருக்கு. ஏறி எறங்காம ஒரே மட்டத்துல வருது."

லமீஸ் அழுதுகொண்டே இறங்கினாள். சன்னல்களில் ஆட்கள் நின்றார்கள். அபூ யஸன் கண்ணை மூடவில்லை, எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டே வந்தார். முதல் திருப்பத்தில் நின்றார். களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

"அந்த ஏழு படிக்கட்டுலயும் என்ன மாதிரி ஆளுங்க இருப்பாங்க இல்ல?"

"இருப்பாங்க சித்தப்பா."

"அவங்களுக்கு யாரு தோள் குடுப்பா?"

அவர் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உன்னத்தாண்டா கேக்கறேன் தராசு."

கீழே வேன் ஹாரன் அடித்தது. பிறகு இன்னொரு தடவை அடித்தது. போகலாம் அபூ யஸன், நேரமாகுது என்றேன். அவர் அசையவில்லை. பதில் வராமல் அடுத்த படியில் காலை வைப்பதாக இல்லை.